தண்ணி வந்துடுச்சு, படகுப் போட்டி ரத்து!

ஆஸ்திரேலியாவுக்கு நட்டநடுவுல ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊர். எந்தப் பக்கம் போனாலும் கடலுக்குப் பல நூறு கிலோமீட்டர். ஊருக்குள்ள ஒரு ஆறு ஓடுது, பேரு டாட். ஓடுதுன்னு சொல்றது மரியாதைக்கு. வருஷத்துல பெரும்பாலான நாள் வெறும் மணல்தான்.

அந்த மணல்ல 1962-லேருந்து படகுப் போட்டி நடக்குது. அடிப்பாகமே இல்லாத படகு. உள்ள நாலஞ்சு பேர் நின்னு, சட்டத்தைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, கால் சுடச்சுட மணல்ல ஓடணும். இங்கிலாந்துல ஹென்லிங்கிற ஊர்ல கோட்டும் தொப்பியுமா உக்காந்து பாக்குற துடுப்புப் படகுப் போட்டியைக் கிண்டல் பண்ணி, இதுக்கு ஹென்லி ஆன் டாட்னு பேரு வச்சுட்டாங்க.

1993-ல போட்டி ரத்து. காரணம்?

ஆத்துல தண்ணி வந்துடுச்சு.

சரி, மணல்காட்டுக்காரங்களுக்கே இவ்வளவு ஆசைன்னா, நாலு பக்கமும் கடல் இருக்கிற நம்ம அந்தமான் ஆளுங்க எப்படி இருக்கணும்? லம்பா லைன்ல நின்னா தலைக்கு மேல பிளேன் போகும். வண்டியை எடுத்தா கொஞ்ச நேரத்துல கார்பின்ஸ் கோவ். அந்தப் பக்கம் போனா அபெர்டீன் ஜெட்டி, எதிர்ல ராஸ் தீவு (இப்போ நேதாஜி தீவு, ஆனா போட்டுக்காரர்கிட்ட ராஸ்னுதான் கேக்கிறாங்க). எந்தத் தெருவுல இறங்கினாலும் கடைசில தண்ணிதான் வழிமறிக்கும். ஆனா கடலோட நமக்கு இருக்கிற உறவு என்ன? மீன் வாங்குறது. ஹேவ்லாக் தீவு டிக்கெட்டுக்கு வரிசையில நிக்கிறது. ஊருக்குப் போக சென்னைக் கப்பல் எப்போன்னு விசாரிக்கிறது. அவ்வளவுதான்.

'ஒரு சின்னப் படகுல பாய் கட்டி ஞாயித்துக்கிழமை விளையாடலாமே'ன்னு யாராவது பேச்செடுத்தா, டீக்கடையில தயாரா ஒரு பதில் வச்சிருக்காங்க. "அதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு சார்."

இந்த ஒரு வரிதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

மொதல்ல, எந்தப் படகைப் பத்திப் பேசுறோம்னு சொல்லிடணும். நம்ம ஊர்ல டுங்கின்னா இன்ஜின் வச்ச படகு. அது இல்ல. சினிமாவுல வில்லன் கண்ணாடி கிளாஸோட சாஞ்சிருப்பாரே, அந்த வெள்ளைச் சொகுசுப் படகும் இல்ல. இது டிங்கி. இன்ஜின் கிடையாது, ரூம் கிடையாது, உக்கார ஒழுங்கா ஒரு சீட்டுகூடக் கிடையாது. ஒரு பாய், ஒரு சுக்கான், நடுவுல சொருகி எடுக்கிற ஒரு பலகை. ஏறுறது ஒருத்தர், இல்லன்னா ரெண்டு பேர். பெரிய பாய்ப் படகுக்கு அடியில கனமான இரும்போ ஈயமோ இருக்கும்; சாஞ்சாலும் தானா நிமிரும். டிங்கிக்கு அந்தச் சொகுசு இல்ல. உள்ள இருக்கிற ஆளோட எடைதான் அதை நிமிர்த்தி வைக்கும். அதனாலதான் காத்து ஏறினா ஆளுங்க படகுக்கு வெளியே முதுகைத் தொங்கப்போட்டு, வயித்தை எக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பாக்க ஒய்யாரமா இருக்கும். அஞ்சு நிமிஷம் அப்படி இருந்தவரோட தொடையைக் கேட்டாதான் உண்மை தெரியும்.

உலகத்துல கோடீஸ்வரங்க இதைக் கண்டுபிடிக்கல. ஆப்டிமிஸ்ட்னு ஒரு குழந்தைங்க படகு இருக்கு. 1947-ல ஃபுளோரிடாவுல கிளியர்வாட்டர்ங்கிற ஊர்ல, ஊர்ப் பசங்க விளையாடணும்னு கிளார்க் மில்ஸ்னு ஒரு படகு கட்டுறவர் வரைஞ்சு குடுத்தார். அவருக்குப் போட்ட நிபந்தனை: ரெண்டு பிளைவுட் பலகைக்குள்ள முடியணும், அம்பது டாலருக்கு மேல போகக் கூடாது. அதனாலதான் அதோட மூக்கு கூர்மையா இல்லாம சட்டுனு வெட்டின மாதிரி மொட்டையா நிக்குது, பலகை அவ்வளவுதான்! நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. இன்னைக்கு நூத்துக்கும் மேற்பட்ட நாடுகள்ல 15 வயசுக்குட்பட்ட பசங்க ஓட்டுறது இதைத்தான். ஒலிம்பிக் வரைக்கும் போனவங்கள்ல ஏகப்பட்ட பேர் ஆரம்பிச்சது இந்த மொட்டை மூக்குல.

1963-ல இங்கிலாந்துல டெய்லி மிர்ரர் பத்திரிகை இன்னொரு வேலை பண்ணுச்சு. வீட்டுலயே கட்டிக்கிற மாதிரி பிளைவுட் துண்டுகளைப் பொட்டலமா வித்தாங்க. செப்புக் கம்பியால தைச்சு, இணைப்புல ஃபைபர்கிளாஸ் நாடா ஒட்டினா படகு ரெடி. விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். சிவப்புப் பாய். உலகம் பூரா எழுபதாயிரத்துக்கு மேல மிர்ரர் படகு வந்துடுச்சு. கட்டினவங்க பெரும்பாலும் சாதாரண சம்பளக்காரங்க. பெட்ரூம்ல கட்டி முடிச்சுட்டு, வெளிய எடுக்க முடியாம ஜன்னலைக் கழட்டினவங்க கதை எந்தக் கிளப்புக்குப் போனாலும் கிடைக்கும் (எவ்வளவு நிஜம்னு அந்த ஜன்னலுக்குத்தான் வெளிச்சம்).

இப்போ நம்ம பக்கம் வருவோம்.

சென்னைக்குக் கப்பல்ல போனவங்களுக்கு அந்தத் துறைமுகம் தெரியும். மூணு நாள் ஆட்டத்துக்கு அப்புறம் தூக்கக் கலக்கத்துல, பெட்டியும் தேங்காய் மூட்டையுமா இறங்குற இடம். அதே துறைமுகச் சுவருக்குள்ள, டிம்பர் பாண்டுன்னு சொல்ற பகுதியில ஒரு பாய்ப் படகுக் கிளப் இருக்கு. ராயல் மெட்ராஸ் யாட் கிளப். 1911-ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அப்போ மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் சேர்மன். கிழக்கப் பாத்து இருந்த துறைமுக வாயை அடைச்சு, வடகிழக்குப் பக்கம் திருப்பினவர். மெட்ராஸ்ல முதல் நம்பர் பிளேட் மாட்டின காரும் அவரோடதுதான்னு சொல்வாங்க, எம்.சி.1. (சரி, இவர் பணக்காரர்தான். ஒத்துக்குவோம்.)

ஸ்பிரிங்கை நம்ம ஆளுங்க நினைவு வச்சிருக்கிறது படகுக்காக இல்ல. கிளப் ஆரம்பிச்ச மறுவருஷம், 1912 மார்ச்சுல, அவர் ஆபீஸ்ல கணக்குப் பிரிவுல மாசம் முப்பது ரூபா சம்பளத்துல ஒரு கிளார்க் வந்து சேர்ந்தார். பேரு ராமானுஜன். அந்தக் கிளார்க்கோட நோட்டுப் புத்தகத்தைப் பாத்து, இவரை விட்டுடக் கூடாதுன்னு மேலிடத்துக்கு எழுதினவங்கள்ல ஸ்பிரிங்கும் ஒருத்தர். பாய்ப் படகுப் பந்தயத்துல எவ்வளவு கணக்கு இருக்குன்னு கீழ வரும். அதையெல்லாம் போட்டுக் குடுக்க அந்தக் காலத்து மெட்ராஸ் துறைமுகத்துல தோதான ஆள் இருந்திருக்கார். யாரும் கேக்கல போல.

கிளப் பந்தயம்னா எப்படி இருக்கும்? பெரிய போட்டியை விடுங்க. உறுப்பினர்கள் தங்களுக்குள்ள வச்சுக்கிற ஞாயித்துக்கிழமைப் பந்தயம். டாக்டர், வக்கீல், ரிட்டயர்டு நேவிக்காரர், காலேஜ் பொண்ணு, பத்து வயசுப் பையன், அவனைக் கூட்டிட்டு வந்த அப்பா (இவரும் ஓட்டுவார், மகனைவிட மோசமா). தண்ணியில ரெண்டு மூணு மிதவை போட்டிருப்பாங்க. அதைச் சுத்திட்டு வரணும். இவ்வளவுதான் பந்தயம்.

எளிமையா தெரியுதுல்ல? மாட்டிக்கிட்டீங்க.

முதல் மிதவையைப் பெரும்பாலும் காத்து வர்ற திசையிலதான் வைப்பாங்க. பாய்ப் படகால காத்துக்கு நேரா எதிர்க்கப் போக முடியாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வுலதான் முன்னேற முடியும். அதனால இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம்னு வளைஞ்சு வளைஞ்சு ஏறணும். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வழியைத் தேர்ந்தெடுப்பாங்க. நடுக்கடல்ல பாத்தா ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாம ஆளுக்கொரு திசையில போற மாதிரி இருக்கும். கரையில நிக்கிற மனைவிக்குத் தன் புருஷன் முதல்ல வர்றாரா கடைசில வர்றாரான்னு சத்தியமா தெரியாது. பல பேருக்கு அது ஒரு பாதுகாப்பு.

அதைவிட வேடிக்கை ஆரம்பம். ஓட்டப் பந்தயத்துல கோட்டுக்குப் பின்னால அசையாம நிக்கலாம். படகுக்கு பிரேக் கிடையாதே! அதனால அஞ்சு நிமிஷக் கணக்கு வச்சிருக்காங்க. அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஹாரன், ஒரு கொடி ஏறும். நாலு நிமிஷம் இருக்கும்போது நீலத்துக்கு நடுவுல வெள்ளைச் சதுரம் போட்ட 'பி' கொடி. (கப்பல் கிளம்பப் போகுது, எல்லாரும் ஏறுங்கன்னு பெரிய கப்பல்ல ஏத்துற அதே கொடிதான்.) ஒரு நிமிஷம் இருக்கும்போது அது இறங்கும். பூஜ்யத்துல முதல் கொடியும் இறங்கும். போ!

அந்தக் கடைசி ஒரு நிமிஷத்தைப் பாக்கணுமே. கல்யாண மண்டபத்துல முதல் பந்தி முடியப் போற நேரம் வாசல்ல நிக்கிற கூட்டம்தான். யாருக்கும் அவசரமே இல்லாத மாதிரி ஒரு முகம். ஆனா முழங்கை எல்லாம் ரெடியா இருக்கும். கோட்டை ஒரு விநாடி முன்னால தாண்டினா வெள்ளையில நீலச் சிலுவை போட்ட கொடி ஏறும். தாண்டினவர் திரும்பி வந்து மறுபடி புறப்படணும். இதுல கொடுமை, தாண்டினவரைத் தவிர மத்த எல்லாருக்கும் அது அவர்தான்னு தெரியும். அவர் மட்டும் 'எவனோ முந்திட்டான் பாவம்'னு பரிதாபப்பட்டுக்கிட்டே நேராப் போயிட்டிருப்பார். மொத்தக் கூட்டமும் முந்திட்டா? எல்லாரையும் திருப்பிக் கூப்பிடுவாங்க. மறுபடி அஞ்சு நிமிஷம். சில ஞாயித்துக்கிழமை பந்தயத்தைவிட ஆரம்பம்தான் நீளம்.

அப்புறம் சத்தம். வழி விடுறதுக்குன்னு விதி இருக்கு. காத்து உங்க வலப்பக்கமா வந்தா நீங்க ஸ்டார்போர்டு டாக். இடப்பக்கமா வந்தா போர்ட் டாக். ரெண்டு பேர் எதிரெதிர வந்தா போர்ட்காரர் ஒதுங்கணும். ஸ்டார்போர்டுல இருக்கிறவர் அந்த உரிமையைக் கத்தியே சொல்வார்: "ஸ்டார்போர்டு!" கரையில பேசவே கூச்சப்படுற, ஆபீஸ்ல ஃபைலுக்குப் பின்னாலயே ஒளிஞ்சிருக்கிற மனுஷன்கூட தண்ணியில இந்த ஒரு வார்த்தையை அடிவயித்துலேருந்து எடுப்பார். தன் மேலதிகாரிமேல சட்டப்படி கத்துற வாய்ப்பு வேற எங்க கிடைக்கும்?

கிரிக்கெட்டுக்கு அம்பயர் இருக்கார், கால்பந்துக்கு ரெஃப்ரி. சாதாரண டிங்கி பந்தயத்துல நடுக்கடல்ல விசில் ஊத யாருமே இல்ல. பந்தயம் நடத்துறவங்க ஆரம்பத்தையும் முடிவையும் பாப்பாங்க. நடுவுல நடக்கிற தப்பை, பண்ணினவரே ஒத்துக்கணும். வழி விடாம இடைஞ்சல் பண்ணிட்டா, உடனே ஒதுங்கிப் போய் ரெண்டு முழுச் சுத்து சுத்தணும். மிதவையில இடிச்சுட்டா ஒரு சுத்து. தன் படகைத் தானே கிறுகிறுன்னு சுத்தவிட்டுத் தனக்குத் தானே தண்டனை குடுத்துட்டு, பந்தயத்தைத் தொடரணும். ஒத்துக்கலைன்னா எதிராளி "புரொட்டஸ்ட்"னு கத்துவார். சாயங்காலம் கிளப்புல பஞ்சாயத்து. மேஜைமேல உப்பு டப்பா ஒரு படகு, டீ கிளாஸ் இன்னொரு படகு, பிஸ்கட் மிதவை. 'நீங்க இங்க இருந்தீங்க', 'இல்ல சார், நான் இங்க'. சாட்சி சொல்ல வந்தவர் பாதில மிதவையைத் தின்னுட்டா வழக்கு தள்ளுபடி.

இந்தக் கௌரவ விதிக்கு நம்ம பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தரைச் சொல்லலாம். அந்தமான் கடலைத் தாண்டினா தாய்லாந்து. அங்க ராஜாவா இருந்த பூமிபோல், தன் கையாலயே டிங்கி கட்டுவார். 1967 டிசம்பர் 16-ம் தேதி, தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில, ஓ.கே. டிங்கி பந்தயத்துல தங்கம் ஜெயிச்சார். கூடவே தங்கத்தைப் பங்கு போட்டுக்கிட்டது யாரு? அவர் மக உபோல்ரத்தனா. (அன்னிக்கு ராத்திரி அரண்மனைச் சாப்பாட்டு மேஜையில என்ன பேசியிருப்பாங்க!) தாய்லாந்துல அந்தத் தேதி இன்னைக்கும் தேசிய விளையாட்டு தினம். அவரைப் பத்தி அங்க சொல்ற ஒரு கதை: பந்தயத்துக்குப் போனவர் பாதியிலயே கரைக்குத் திரும்பிட்டாராம். ஏன்னு ராணி கேட்டதுக்கு, மிதவையில இடிச்சுட்டேன்னாராம். யாரும் பாக்கல. பாத்திருந்தாலும் ராஜாகிட்ட யார் சொல்லப் போறாங்க? ஆனா வந்துட்டார்.

விதிப் புத்தகத்துல முதல் விதியே ஜெயிக்கிறதைப் பத்தி இல்ல. ஆபத்துல இருக்கிறவங்களுக்கு உதவணுங்கிறதைப் பத்தி. 1988 சியோல் ஒலிம்பிக்ல பாய்ப் படகுப் போட்டி பூசான்ல நடந்துச்சு. கனடாக்காரர் லாரன்ஸ் லெமியூ, ஃபின் படகுல ரெண்டாவது இடத்துல போயிட்டிருந்தார். காத்து முரட்டுத்தனமா ஏறிடுச்சு. பக்கத்துல வேற பந்தயத்துல இருந்த சிங்கப்பூர் படகு ஒண்ணு கவிழ்ந்து, ரெண்டு பேர் தண்ணியில. லெமியூ பந்தயத்தை விட்டுத் திரும்பிப் போய் அவங்களைத் தன் படகுல ஏத்தினார். மீட்புப் படகு வர்ற வரைக்கும் காத்திருந்து ஒப்படைச்சுட்டு, அப்புறம்தான் பந்தயத்தைத் தொடர்ந்தார். நடுவர்கள் அந்தப் பந்தயத்துல அவருக்கு ரெண்டாவது இடத்தையே குடுத்தாங்க. மொத்தத்துல 11-வதா வந்தார், பதக்கம் இல்ல. ஒலிம்பிக் கமிட்டி அவருக்கு கூபெர்டின் பதக்கம் குடுத்துச்சு. அந்த வருஷம் ஃபின் தங்கம் யாருக்குன்னு கேட்டா எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்?

சரி, கணக்குக்கு வருவோம்.

சின்னக் கிளப்புல எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி படகு இருக்காது. ஒருத்தர் வேகமான லேசர், இன்னொருத்தர் அந்தச் சிவப்புப் பாய் மிர்ரர். எப்படிச் சேர்ந்து ஓட்டுறது? இங்கிலாந்துல 1950-கள்லயே இதுக்கு ஒரு வழி பண்ணிட்டாங்க, போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக். ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஒரு எண். வேகமான படகுக்குச் சின்ன எண், மந்தமான படகுக்குப் பெரிய எண். எடுத்துக்கிட்ட நேரத்தை ஆயிரத்தால பெருக்கி, அந்த எண்ணால வகுக்கணும். லேசருக்குச் சுமார் 1100, மிர்ரருக்குச் சுமார் 1390. லேசர்காரர் 55 நிமிஷத்துல முடிச்சுட்டு, கரையேறி, துண்டால தலையைத் துவட்டி, டீயும் குடிச்சுட்டார். அவர் கணக்கு 50 நிமிஷம். மிர்ரர்காரர் பதிமூணு நிமிஷம் கழிச்சு, 68-வது நிமிஷத்துல தள்ளாடிக்கிட்டு வர்றார். வகுத்துப் பாத்தா 49-க்குள்ள வருது. ஜெயிச்சது மிர்ரர்! கையில டீ கிளாஸோட நிக்கிற லேசர்காரர் மூஞ்சியைப் பாக்க டிக்கெட் போட்டே விக்கலாம்.

கணக்கு வேண்டாம்னா இன்னொரு வழியும் இருக்கு, துரத்தல் பந்தயம். மந்தமான படகை முதல்ல அனுப்பிடுறது. வேகமானது கடைசில. குறிச்ச நேரத்துக்கு ஹாரன் அடிக்கும்போது யார் முன்னால இருக்காங்களோ அவங்க ஜெயிச்சாங்க. இதுல ஆப்டிமிஸ்ட் பொடியன் எல்லாருக்கும் முன்னாடி கிளம்பிடுவான். பின்னால ஒரு மணி நேரமா டாக்டர், வக்கீல், நேவிக்காரர் எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் துரத்துவாங்க. அவன் திரும்பித் திரும்பிப் பாத்து சிரிச்சுக்கிட்டே போவான். இந்தப் பந்தய முறையைக் கண்டுபிடிச்ச புண்ணியவானுக்குக் குழந்தைங்க இருந்திருக்கணும்.

புதுசா ஏறுறவர் கதை தனி. சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினா படகு வலப்பக்கம் திரும்பும். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகின கைக்கு இது புரிய ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள கரையில கட்டிவச்ச எல்லாப் படகையும் அறிமுகம் பண்ணிக்குவார். அடுத்தது, பாயோட அடியில படுக்கையா இருக்கிற பூம் கட்டை. திசை மாறும்போது அது இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வீசும். குனியணும். குனியச் சொல்லித் தர வாத்தியார் தேவையில்ல. கட்டையே ஒரு தடவை சொல்லிடும்.

அப்புறம் நேர் காத்துல மாட்டிக்கிறது. மூக்கு காத்தைப் பாத்து நின்னுடுச்சுன்னா பாய் படபடன்னு அடிக்கும், படகு நகராது, கொஞ்ச நேரத்துல பின்னாலயே போக ஆரம்பிக்கும். பந்தயத்துல எல்லாரும் முன்னால போக, நீங்க மட்டும் மரியாதையா பின்னால நடந்து போறது ஒரு தனி அனுபவம். பதறாம, பூமைக் கையால ஒரு பக்கம் தள்ளிப் புடிச்சு, மூக்கைத் திருப்பினா வெளிய வந்துடலாம். (பதறாம இருந்தா.)

கடைசில, கவிழ்றது. டிங்கியில கவிழ்றது விபத்து இல்ல, பாடத்திட்டம். நல்ல கிளப்புல முதல் வாரமே வேணும்னே கவிழ்க்கச் சொல்வாங்க. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். படகு மிதக்கும், அதை விட்டு நீந்திப் போகவே கூடாது. சுத்தி வந்து, நடுப்பலகைமேல ஏறி நின்னு, ஓரத்தைப் புடிச்சுப் பின்னால சாஞ்சா, பாய் மெதுவா தண்ணியை விட்டு எழும்பும். ரெண்டு பேர் படகுன்னா இந்த இடத்துலதான் குடும்பச் சண்டை. கவிழ்ந்ததுக்குக் காரணம் ஓட்டினவரா, பாயைப் புடிச்சவரான்னு தண்ணியில மிதந்துக்கிட்டே விசாரணை நடக்கும்.

நம்ம ஊர்ல இதுக்குக் கூடுதலா ஒரு தயக்கம் இருக்கிறது நிஜம்தான். முதலை. கார்பின்ஸ் கோவ்ல வலை கட்டி, எச்சரிக்கைப் பலகை வச்சிருக்கிறது அழகுக்கு இல்ல. கழிமுகம், சதுப்புக் காடு பக்கம் தவிர்க்கணும். எங்க ஓட்டலாம், எங்க கூடாதுன்னு வனத்துறையைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காத்து, அதைத் தாண்டினா ஆண்டுக் கடைசிப் புயல்காலம். ஜனவரியிலேருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் நம்மகிட்ட கொஞ்சம் நல்லபடியா பேசும். அது போதும்.

இது வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழக்கம்னு ஒரு கட்சி சொல்லும். ராமநாதபுரம் பக்கத்துச் சொந்தம் நம்ம தீவுல நிறையப் பேருக்கு இருக்கே, அவங்களைக் கேளுங்க. தொண்டி, நம்புதாளை கரையில திருவிழா நாள்ல பாய்மரப் படகுப் போட்டி வைப்பாங்க. ஊரே கரையில நிக்கும். அந்தப் பாக் நீரிணைப் பக்கத்துப் படகுகள்ல ஒரு பலகையைக் குறுக்க வெளியே நீட்டி, காத்து ஏறினா ஆளுங்க அதுல ஏறிப் படகை நிமிர்த்துற வழக்கத்தை, மெட்ராஸ் மீன்வளத் துறையில இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நூறு வருஷம் முன்னாடியே பாத்து எழுதி வச்சிருக்கார். இன்னைக்கு ஒலிம்பிக்ல வயித்தை எக்கிக்கிட்டு வெளியே தொங்குறாங்களே, தத்துவம் அதேதான். நம்ம மீனவங்க பலகை போட்டு உக்காந்து பண்ணினாங்க. அது இன்னும் புத்திசாலித்தனம். நிக்கோபார்ல ஹோடி இருக்கு; பக்கவாட்டுல மிதவைக் கட்டை கட்டின தோணி. கிராமத்துக்குக் கிராமம் போட்டி போடுவாங்க. ஆக, தண்ணியில பந்தயம் விடுறதை நமக்கு யாரும் கத்துத் தர வேண்டியதில்ல.

டீக்கடைப் பதிலுக்கு இப்போ திரும்பலாம். பணக்காரங்க விளையாட்டாம்.

2009-ல சென்னையில தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன் நடத்தின கோடை முகாமுக்கு ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு போச்சு. லீவுல வீட்டுல சும்மா இருக்காம இருக்கட்டும்னு பெத்தவங்க எதுலயாவது சேத்துவிடுவாங்கல்ல, அந்த மாதிரி ஒரு முகாம். அந்தப் பொண்ணு நேத்ரா குமணன். 2021 ஏப்ரல்ல ஓமன்ல நடந்த தகுதிப் போட்டி வழியா டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனப்போ, பாய்ப் படகுல ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவுல 35-வது இடம். பாரிஸ் ஒலிம்பிக்ல, 2024-ல, 21-வது. சென்னையிலேருந்து கே.சி. கணபதியும் வருண் தக்கரும் ரெண்டு பேர் படகான 49er-ல டோக்கியோவுக்குப் போனாங்க. வேலூர்ல பிறந்த விஷ்ணு சரவணன், ராணுவக்காரர். அவர் அப்பாவும் ராணுவத்துல பாய்ப் படகு ஓட்டினவர். மகன் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல வெண்கலம் எடுத்துட்டு வந்தார்.

இவங்களைவிட அந்தப் பதிலை மொத்தமா கவிழ்க்கிறது இன்னொரு பொண்ணு. அதே ஹாங்சோவுல, ஐ.எல்.சி.ஏ.-4 படகுப் பிரிவுல, 17 வயசுல வெள்ளி ஜெயிச்ச நேஹா தாக்கூர். ஊர் மத்தியப் பிரதேசம், தேவாஸ் மாவட்டத்துல ஒரு கிராமம். அப்பா விவசாயி. கத்துக்கிட்டது போபால் ஏரியில. கடலே இல்லாத மாநிலம்! அரசாங்கம் ஏரிக்கரையில ஒரு பள்ளிக்கூடம் வச்சுச்சு, படகு குடுத்துச்சு, பொண்ணு வெள்ளி கொண்டு வந்துச்சு. கடலுக்குப் பஞ்சமே இல்லாத நாம டீ ஆத்திக்கிட்டே 'பணக்காரங்க விளையாட்டு'ன்னு சொல்லிட்டிருக்கோம்.

படகை ஆளுக்கொண்ணு சொந்தமா வாங்கினாதான் அது பணக்காரங்க விளையாட்டு. கிளப் வாங்கி, எல்லாரும் முறை வச்சு ஓட்டினா அது ஊர் விளையாட்டு. அந்த அளவுக்கு இது எளிமையான கணக்கு, யார்ட்ஸ்டிக்கெல்லாம் வேண்டாம்.

நம்ம ஊர்ல நேவி, கோஸ்ட் கார்டுல இருந்து ரிட்டயர்டு ஆகி, வீட்டு மாடியில செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கிற எத்தனையோ பேருக்குப் பாய் கட்டத் தெரியும். மரவேலை தெரிஞ்ச கைகளுக்கும் இந்தத் தீவுல குறைவில்ல. ரெண்டு பிளைவுட் பலகையில ஒரு ஆப்டிமிஸ்ட் கட்டிடலாம்னு மேல பாத்தோம். லைஃப் ஜாக்கெட், ஒரு இன்ஜின் டுங்கி காவலுக்கு, துறைமுகத்துக்காரங்க அனுமதி, முதலை இல்லாத ஒரு துண்டுத் தண்ணி. வேற என்ன வேணும்? இதைப் படிக்கிறவங்கள்ல பாய்ப் படகு ஓட்டத் தெரிஞ்சவங்க, கட்டத் தெரிஞ்சவங்க, புள்ளைங்களை அனுப்பத் தயாரா இருக்கிறவங்க இருந்தா கீழ சொல்லுங்க. வர்ற ஜனவரிக்குள்ள ஆள் சேர்ந்தா ஆரம்பிச்சுடலாம். "ஸ்டார்போர்டு"ன்னு கத்தப் பழக வேண்டியவங்க இன்னைக்கே வீட்டுல ஆரம்பிக்கலாம், ஆனா மனைவி எந்த டாக்ல இருக்காங்கன்னு மட்டும் பாத்துக்குங்க.